ஓர் அணு குறைந்த சர்க்கரை



சர்க்கரை என்றவுடன் இந்நாளில் பல இல்லங்களில் இனிப்பு நினைவுக்கு வருவதில்லை; நோயே நினைவுக்கு வருகிறது. ஆனால் நாம் நாவிலிட்டுச் சுவைக்காமலே, நம் உயிரணுக்களுக்குள் இறைவன் அமைத்து வைத்துள்ள சர்க்கரைகள் இரண்டு உண்டு. ஒன்று ரைபோஸ், அது ஆர்.என்.ஏ.வின் உறுப்பு. மற்றொன்று டிஆக்ஸிரைபோஸ், பெற்றோரின் சாயலைப் பிள்ளைகளிடம் சேர்ப்பிக்கும் டி.என்.ஏ.வின் உறுப்பு.

இவ்விரண்டையும் இனங்கண்டவர் ஃபீபஸ் லெவீன். ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதரான இவர், நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றினார். 1909-இல் ரைபோஸைக் கண்டறிந்தார். மற்றதைக் கண்டறிய மேலும் 20 ஆண்டுகள் உழைத்தார். 1929-இல் வெற்றி கிட்டியது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு என்ன? ஒரே ஒரு பிராணவாயு அணு! ரைபோஸில் ஐந்து, மற்றதில் நான்கு. 'டிஆக்ஸி' என்னும் அடைமொழியே பிராணவாயு குறைந்தது என்பதைக் குறிக்கும். ரைபோஸில் மிகுதியாயுள்ள அந்த அணு, அருகிலுள்ள இணைப்பைத் தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடக் கூடியது. ஆகவே ஆர்.என்.ஏ. எளிதில் சிதைகிறது. அவ்வணு இல்லாத டி.என்.ஏ.வோ நெடுங்காலம் நிலைக்கிறது. வட கிரீன்லாந்தின் உறைந்த மண்ணில், ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுப் பழைமையான டி.என்.ஏ. துணுக்குகள் கிடைத்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது.

நிலைப்பது உயர்ந்தது, அழிவது தாழ்ந்தது என்று எண்ணிவிடலாகாது. டி.என்.ஏ. காத்து வைக்கும் செய்தியை எடுத்துச் சென்று புரதமாக்குவது ஆர்.என்.ஏ.வே. தன் பணி முடிந்ததும் அது மறைகிறது. ஒன்று காக்கிறது, மற்றொன்று தன்னையே கொடுக்கிறது. இரண்டுமின்றி நம் உடல் இயங்காது.

இதில் மேலும் ஒரு படிப்பினை உண்டு. டி.என்.ஏ. மிக எளிய, ஒரே மாதிரியான பொருள்; பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் ஆற்றல் அதற்கு இராது என்றே லெவீன் கருதினார். அவர் 1940-இல் இறந்தார். 1944-இல், அதே ஆய்வுக்கழகத்தில், ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய தோழர் இருவரும் நிமோனியாக் கிருமிகளை ஆராய்ந்து, பரம்பரைப் பண்பைச் சுமப்பது டி.என்.ஏ.வே எனக் காட்டினர். தம் வாழ்நாளெல்லாம் கையில் வைத்து ஆராய்ந்த பொருளின் அருமையை அப்பேரறிஞர் அறியவில்லை!

பெற்றோரே, நம் வீடுகளிலும் இது நடைபெறுகிறதன்றோ? தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், "அண்ணனைப் பார், உன்னிடம் என்ன இருக்கிறது?" என்னும் சொல் எத்தனை இல்லங்களில் ஒலிக்கிறது! அச்சொல்லைக் கேட்ட பிள்ளை அன்றிரவு உண்ணாமல் உறங்கச் செல்கிறது. சில பிள்ளைகள் அதைவிடத் துயரமான முடிவை நாடியதையும் நாம் அறிவோம். பத்து, பதினைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்ததாலேயே ஒரு பிள்ளையை முற்றும் அறிந்துவிட்டோம் என்று தீர்ப்பிடலாமா?

இன்றிரவு குடும்பச் செபத்தின்போது, குறையுள்ளது என்று நாம் எண்ணும் அப்பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, இறைவனுக்கு நன்றி கூறுவோம். அப்பிள்ளையும் அதைக் கேட்கட்டும்.