கிருமிக்கு வாக்காளர் இடாப்பு தேவையில்லை

கலைப்பீடம் என்று சொன்னதும் வருகிற அடுத்த கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: "அதைப் படிச்சு என்ன செய்யப் போறீங்க?" மருத்துவபீடத்துப் பிள்ளையிடம் இதை ஒருத்தரும் கேட்பதில்லை. கிருமியை ஆராய்ந்தால் உயிர் பிழைக்கும், வன்முறையை ஆராய்ந்தால் ஒரு கட்டுரைதான் மிஞ்சும். இதுதான் ஊர்க் கணக்கு. இந்தக் கணக்கு பிழை என்று காட்ட வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. 2018க்கும் 2021க்கும் இடையில் இங்கே நடந்த இரண்டு விஷயங்களே போதும்.

முதலாவது அம்பாறை. 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கறிக்குள் கிடந்த ஒரு சின்னக் கட்டியை 'மலடாக்கும் குளிசை' என்று சொன்னார்கள். கடையை அடித்து நொறுக்கினார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அதைப் பரிசோதித்தார். அது வெறும் மாவுக்கட்டி. ஆனால் அந்த முடிவு வெளியே வந்த நேரம், மார்ச் மாதத்தில், கண்டிப் பக்கம் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்திருந்தன. திகனையில் தீ பிடித்த உடனடிக் காரணம் வேறு. ஆனால் காற்றில் இருந்த கதைகளில் இந்தக் குளிசைக் கதையும் ஒன்று.

இரண்டாவது ஜனாஸா எரிப்பு. கொவிட்டால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. ஆனாலும் ஏப்ரல் 11 வந்த வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்றார்கள். டிசம்பரில், பெற்றோர் மறுத்தும் பிறந்து 20 நாளான குழந்தை ஒன்றை எரித்தார்கள். பொரளை கனத்தை வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

அதே டிசம்பரில், கொழும்பு மருத்துவபீடத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழு, பாதுகாப்பு முறைகளோடு அடக்கமும் செய்யலாம் என்று பரிந்துரை செய்தது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அதையே சொன்னது. அதற்குப் பிறகும் எரிப்பு நிற்கவில்லை. பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இங்கேதான் எங்கள் கேள்வி. இரண்டு தடவையும் ஆய்வுகூடம் சரியான பதிலைத்தான் கொடுத்தது. கிருமி பற்றிய அறிவு குறைவாக இருந்ததால் அந்தக் குழந்தை எரிக்கப்படவில்லை. அறிவு இருந்தது, அறிக்கை இருந்தது, பேராசிரியர்கள் இருந்தார்கள். அப்படியென்றால் குறைந்தது எது? ஒரு மாவுக்கட்டியை ஏன் இத்தனை பேர் குளிசை என்று நம்பத் தயாராக இருந்தார்கள்? ஒரு சமூகத்தின் ஜனாஸா மட்டும் ஏன் தண்ணீருக்கு ஆபத்தாகத் தெரிந்தது? இதற்கு நுணுக்குக்காட்டியில் பதில் கிடைக்காது.

வன்முறையையும் ஒரு நோய் மாதிரிப் பார்க்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1996இல் உலக சுகாதாரப் பேரவை வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அறிவித்தது. சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர், துப்பாக்கிச்சூடு தொற்று மாதிரி ஆளுக்கு ஆள் பரவுகிறது என்று பார்த்து, பரவலை இடையில் நின்று மறிக்கிற வேலைத்திட்டத்தைத் தொடங்கினார். வதந்தி பரவுகிற விதத்தைப் பார்த்தால் இது நல்ல உவமைதான்.

ஆனால் உவமை ஒரு இடத்தில் நின்றுவிடும். கிருமிக்கு நோக்கம் கிடையாது. யாருடைய வீடு என்று பார்த்து அது நுழைவதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. 'கலவரம் பரவியது' என்று மட்டும் எழுதினால், அந்த இடாப்பை எடுத்துக் கொடுத்த கை மறைந்துவிடும். அந்தக் கையைத் தேடுவதுதான் கலைப்பீடத்தின் வேலை.

அதை நாங்கள் செய்தோமா? 1990இல் வந்த 'முறிந்த பனை' நம்ம நாட்டு வன்முறை பற்றிப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்து வந்த முக்கியமான ஆய்வு. எழுதியவர்கள் நாலு பேரும் யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள். ராஜினி திராணகம உடற்கூற்றியல், தயா சோமசுந்தரம் உளமருத்துவம், ராஜன் ஹூலும் சிறீதரனும் கணிதம். ஒருவர்கூட கலைப்பீடம் இல்லை! அரசு, இந்திய இராணுவம், இயக்கங்கள் என்று ஒரு தரப்பையும் விடாமல் எழுதினார்கள். ராஜினி 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கிருமியை ஆராய்கிறவர் கையுறை போடலாம். வன்முறையை ஆராய்கிறவருக்கு அப்படி ஒரு கையுறை இல்லை. இந்த ஆய்வு 'சும்மா கட்டுரை' என்றால் யாரும் அதற்காகச் சுடமாட்டார்கள்.

எங்கள் கொலன்னாவையையே பாருங்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதே வருடம் நாட்டில் டெங்கு 186,000 பேருக்கு மேல் வந்தது. நுளம்பு எங்கே முட்டையிடும் என்று ஆராய ஆட்கள் இருக்கிறார்கள், அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு நகரத்தின் குப்பையை வருடக்கணக்காக யாருடைய கூரைக்குப் பக்கத்தில் கொட்டுவது என்று தீர்மானித்தது நுளம்பு இல்லை. அங்கே இருந்தவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று போராடியும் ஏன் காதில் விழவில்லை? அதுவும் ஒரு ஆய்வுத் தலைப்புத்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு. அடுத்த தொற்றுநோய்க்கு நிபுணர் குழு அமைக்கும்போது, நுண்ணுயிரியலாளருக்குப் பக்கத்தில் ஒரு சமூகவியலாளரும் பாதிக்கப்படும் சமூகத்தவரும் இருக்க வேண்டும். அடுத்தது எங்களுக்கே. இறுதி வருட ஆய்வுக்கு 'பாதுகாப்பான' தலைப்பு தேடுவதை விடுவோம். ஜனாஸாவைப் பார்க்கவே கிடைக்காத குடும்பங்கள் இந்தப் பக்கத்து ஒழுங்கைகளிலேயே இருக்கலாம். விருப்பம் கேட்டு, பெயரைக் காத்து, அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி வைப்போம். ஆய்வு எழுதினால் வன்முறை நின்றுவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பரிசோதனை செய்ததால் மட்டும் டெங்கும் நிற்கவில்லையே. ஆனால் எழுதி வைக்காத வன்முறையை, அடுத்த முறை வரும்போது, 'புதுசு' என்றுதான் சொல்வார்கள்.