அழுததாகச் சொல்கிறார்கள்

நான் அழவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

போன திங்கட்கிழமை காலை நடைக்குப் போனால், பூங்காவில் வேப்பமரத்தடி பெஞ்சுக்காரர்கள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறார்கள். சர்க்கரை அளவைத் தவிர வேறெதையும் பேசி நான் கேட்டிராத ஒருவர் எழுந்து வந்து தோளில் கை வைத்து, "மனசத் தேத்திக்குங்க சார்" என்றார். யார் போய்விட்டார்களோ என்று பதறிப்போனேன். விசாரித்தால், எல்லாம் எங்கள் போஸ்ட்மாஸ்டர் செய்த வேலை. இலங்கைக்குப் போன இடத்தில், நான் பிறந்த தேயிலைத் தோட்ட லயத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன் என்று பூங்கா முழுக்கத் தந்தி அடித்திருக்கிறார். தந்திச் சேவையை 2013-லேயே மூடிவிட்டார்கள். அவர் ஒருவர் மட்டும் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்.

பத்திரிகை ஆசிரியர் இந்த வாரம் கேட்டிருந்தது கப்பலைப் பற்றி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் விட்டு, சில நாளிலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கினார்களே, அந்தச் சேவை. இராமேசுவரம்–தலைமன்னார் கப்பலையும் திரும்ப விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. "இப்பத்தானே போய்ட்டு வந்தீங்க, சூட்டோட எழுதிடுங்க" என்றார். நாங்கள் போனதோ விமானத்தில். திருச்சியில் ஏறி, கூட வந்த மருந்துக்கடைக்காரர் இடுப்புப் பட்டையை மாட்டத் தெரியாமல் மாட்டி, கழற்றத் தெரியாமல் கழற்றுவதற்குள் கட்டுநாயக்க வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கப்பல் 1974-இல் தலைமன்னாரில் ஏறிய 'ராமானுஜம்' ஒன்றுதான். அந்தத் தகரப்பெட்டிக் கதையையும், தங்கச்சியின் வாந்தியையும் இங்கே இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. மூன்றாவது தடவை எழுதினால் நாமக்கல் வாசகர் கார்டு போடுவார்.

ஆகவே கப்பலை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

போனவர்கள் நாலு பேர். போஸ்ட்மாஸ்டர், மருந்துக்கடைக்காரர், கெமிஸ்ட்ரி வாத்தியார், நான். மூன்று பேருக்கும் இலங்கை என்றால் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், கண்டி தலதா மாளிகை, இளநீர். எனக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விடுமுறைக்குக் கூட்டாளிகளோடு போகிறவன் கூட்டாளியாகத்தான் போக வேண்டும் என்று தீர்மானமாக இருந்தேன். கட்டுநாயக்கவில் கடவுச்சீட்டைப் புரட்டிய இளைஞர் பிறந்த ஊரில் விரலை வைத்து நின்றார். தலவாக்கலை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மெஹேத இபதுணே?" என்றார். இங்கேயா பிறந்தீர்கள் என்று அர்த்தம். நான் யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் "ஒவ்" என்று சொல்லிவிட்டது. ஐம்பது வருஷமாக அந்தச் சொல் எந்தப் பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததோ! அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார், ஒரு மாதத்துக்கு. வந்த நோக்கம்: விடுமுறை.

பழைய வாசகர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். 'தாயகம் திரும்பியோர்' என்ற சொல்லை நான் திட்டப்போவது இது ஐந்தாவது முறை.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கு 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை என்ன செய்வதென்று அன்றைக்குத் தெரியவில்லை. பத்து வருஷம் கழித்து ஆளுக்கு எழுபத்தையாயிரம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள், பாகப்பிரிவினையில் கடைசி அண்டாவைக் காசாக்கிப் பிரிப்பது மாதிரி. எங்கள் வீடு விழுந்தது முதல் குவியலில். அப்பாவுடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர். அப்பா பிறந்தது தலவாக்கலையில், அம்மா பொகவந்தலாவையில். இந்தியா எந்தத் திசை என்று கேட்டால் கோச்சி, அதாவது ரயில், போகும் பக்கம் கையைக் காட்டியிருப்பேன். ஒரு முறைகூடப் போகாத இடத்துக்கு ஒருவன் எப்படித் திரும்புவான்? மண்டபம் முகாமில் குடும்ப அட்டையைப் பார்த்துப் பதிந்துகொண்ட குமாஸ்தா, "வாங்க, தாயகம் திரும்பிட்டீங்க" என்று வாஞ்சையாகத்தான் சொன்னார். அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறார் என்று. பிறகு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்து எங்களைக் கோத்தகிரிக்கு ஏற்றினார்கள். அங்கே எங்களுக்குச் 'சிலோன்காரங்க' என்று பட்டம். இலங்கையில் இருந்தவரைக்கும் இந்தியாக்காரங்க. போகட்டும்.

இதில் இன்னொரு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. நுவரெலியாவில் வேனை விட்டு இறங்கியதும் மூன்று பேரும் ஒரே குரலில், "ஊட்டி மாதிரியே இருக்குதுங்க" என்றார்கள். ஏரியைப் பார்த்து ஊட்டி மாதிரி. குதிரையைப் பார்த்து ஊட்டி மாதிரி. கேரட்டைப் பார்த்துக்கூட ஊட்டி மாதிரி! அப்புறம் எதற்கு ஐயா கடல் தாண்டி வந்தீர்கள்? மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியிருக்கலாமே. கோத்தகிரியில் இறங்கிய முதல் நாள் என் அப்பா தேயிலைச் செடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தலவாக்கலை மாதிரி இல்ல" என்றார். சாகிறவரைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. குடும்பக் குணம் எனக்கும் கொஞ்சம் இருக்கலாம்.

எல்லவுக்குப் போகும் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் துக்கத்தில் இருந்தார். அந்த ஒரு நாள் சும்மா கிடந்ததால்தான், நானுஓயா தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தலவாக்கலை என்று வாயை விட்டேன். ஓட்டுநர் சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. "ஐயா எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். கேள்வி இல்லாமல் வண்டியைத் திருப்பினார். அப்படியே சென்கிளேயர் அருவியையும் காட்டினார். என் நினைவில் அது சேலை விரித்த மாதிரி விழுந்தது. மேல் கொத்மலை மின் நிலையம் 2012-இல் வந்த பிறகு தண்ணீரைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டார்கள். இப்போது கிடப்பது அந்தச் சேலையின் கிழிசல். கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒரு படம் எடுத்தார், மரியாதைக்கு.

லயம் இருந்தது. அதே கல் கட்டடம், தகரத்துக்கு மேல் தகரம். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. பன்னிரண்டுக்குப் பத்தடி காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு. காம்பரா போர்த்துக்கீசியர் விட்டுப் போனது, இஸ்தோப்பு டச்சுக்காரர் விட்டுப் போனது, லயம் வெள்ளைக்காரனின் 'லைன்'. எங்களுக்கு வீடு என்ற சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. இதையெல்லாம் நின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கண் வறண்டு இருந்தது. போஸ்ட்மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சவ ஊர்வலத்தில் முதல் அழுகைக்குக் காத்திருப்பவர் மாதிரி. ஏமாற்றம் அவருக்கு.

நாங்கள் இருந்த ஏழாம் காம்பராவில் இப்போது ஒரு மருமகப் பெண்ணும் அவளுடைய மாமியாரும். அந்தப் பெண் மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற அடுப்பை மூட்டினாள். போஸ்ட்மாஸ்டர் பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "எப்படிம்மா, வேலையெல்லாம் பரவால்லையா?" என்றார்.

"எங்க ஐயா, இந்த மாசம் எனக்குப் பதினெட்டுப் பேருதான்."

அவர் காம்பராவை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பதினெட்டுப் பேரா? இந்த ரூமுக்குள்ளயா?"

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவிலிருந்து இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் 'பேர்' என்ற சொல்லை நான் கடைசியாகக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று தோன்றியது. அப்பா போன பிறகு யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. விடியக்காலம் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், சொன்ன அளவுக்குக் கொழுந்து பறித்தால் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். மழை பிடித்துப் பாதியில் இறக்கிவிட்டால் அரைப்பேர். அளவுக்கு மேலே பறித்தால் அதற்குத் தனிக் காசு, அது பேரில் சேராது. காலையில் பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை, "இன்னைக்குப் பேரில்ல, போ" என்பார். பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால், "புள்ள மாசம் எத்தனை பேரு போடும்?" என்று கேட்பார்கள். என் அம்மாவுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து. லயத்தில் அது பட்டம் வாங்கின மாதிரி. அவள் உயரம், கை நீளம். மட்டக்கம்பை வைத்தால் அதன் மேலே தலை நீட்டிய கொழுந்து ஒன்றுகூடத் தப்பாது. நெட்டச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொந்தப் பேரை நான் முதலில் பார்த்தது கடவுச்சீட்டில்தான்.

(எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை இந்தப் பத்தியில் நான் இழுக்காத வாரமில்லை என்று ஒரு புகார் உண்டு. இருந்த தோட்டத்தின் பேரையே தன் பேருக்கு முன்னால் மாட்டிக்கொண்டு 2022-இல் மறைகிற வரைக்கும் அப்படியே இருந்தவர். அவருடைய 'மீன்கள்' கதையைப் படித்துவிட்டு வாருங்கள், ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் படுப்பது என்றால் என்ன என்று போஸ்ட்மாஸ்டருக்கு நான் விளக்க வேண்டியிருக்காது. இந்த வாரத்துக்கு அவ்வளவுதான்.)

அந்த மாமியார் இஸ்தோப்பில் உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய அம்மாள். அவர்கள் குடும்பம் இலங்கைக்கு மனுப் போட்டது. மனு கிடந்து, கிடந்து, 2003-இல் ஒரு சட்டம் வந்துதான் நாடு கிடைத்தது. அதுவரை எந்த நாடும் இல்லாமலே பேர் போட்டிருக்கிறார். என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ நெட்டச்சி மகனா?"

"ஆமாக்கா."

"கப்பலேறிப் போனவனா?"

"ஆமா."

"அன்னைக்கு ஒங்கம்மாவுக்கு அரைப்பேரு."

எனக்குப் புரியவில்லை. அவர் சாவகாசமாகச் சொன்னார். நாங்கள் புறப்பட்ட நாள். தோட்டத்தை விட்டு விலகும் பத்துச்சீட்டு வாங்கியாயிற்று, பெட்டி கட்டியாயிற்று. ராத்திரிதான் கோச்சி. 1973-இலிருந்தே மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு. வயிற்றைக் கட்டி வாழ்ந்த காலம். காலையில் எழுந்த அம்மா, ராத்திரி வரைக்கும் சும்மா உட்கார்ந்து ஒப்பாரி கேட்பதற்குப் பதில் மலைக்குப் போகிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கொழுந்து மண்டிக் கிடந்த மாசம், ஆள் போதவில்லை. கணக்கப்பிள்ளையும் கண்டுகொள்ளாமல் நிரையில் விட்டுவிட்டார். பகலுக்கு மேல் அப்பா ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார். அரைப்பேர் போட்டார்கள். சம்பளம் அடுத்த மாசம். அடுத்த மாசம் நாங்கள் கோத்தகிரியில்.

"அது இன்னும் செக்ரோல்லதான் கெடக்கு" என்றார்.

எங்களைப் போன்றவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பேர். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சனங்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அழும். அந்த ராத்திரி எங்கள் பெட்டியில் அழாத ஒரே ஆள் என் அம்மா. அவளுக்கு நெஞ்சழுத்தம் என்று அத்தைமார் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்து விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கொழுந்துக் கறை. ஜன்னல் கம்பியின் கரி என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அடுப்பில் ஈர விறகு. புகைபோக்கி இல்லாத காம்பரா. புகை அப்படியே இஸ்தோப்புக்கு வந்தது. மருந்துக்கடைக்காரருக்கும் கண் சிவந்தது, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். அதற்கு அவரிடம் சொட்டு மருந்துகூட இருந்தது. போஸ்ட்மாஸ்டர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். நாலு பேரும் தின்றோம். ஊட்டி மாதிரி என்று ஒருவரும் சொல்லவில்லை.

வேனில் ஏறியதிலிருந்து போஸ்ட்மாஸ்டர் ஒரே கணக்கு. முப்பத்தெட்டு வருஷம் சேமிப்புக் கணக்கு பார்த்தவர், கை சும்மா இருக்குமா? அரைநாள் கூலி, ஐம்பது வருஷத்துக்கு மேல், கூட்டு வட்டி, இலங்கை ரூபாயை இந்திய ரூபாயாக்கினால் எவ்வளவு. "அசல் என்னங்க சார்? அசல் தெரிஞ்சாத்தானே வட்டி?" என்று எல்ல வரைக்கும் அரித்தார். எனக்கு நினைவில்லை. 2021-இல் ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு எத்தனை வருஷம் போராடி வாங்கினார்கள் என்பது தெரியும், 1974-இன் கூலி தெரியாது. ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டும் அதையே கேட்டார். பாலம் நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அந்த அக்காவிடம் நானே கேட்டிருந்தேன், அன்றைக்கு எவ்வளவு கூலி என்று. "காசு யாருக்குத் தம்பி ஞாபகம்?" என்றார். "பத்து மணித் தராசுல ஒங்கம்மாவுக்கு ஒம்போது றாத்தல், எனக்கு ஏழு. பக்கத்து நிரை." அதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி பட்டது.

இதைப் போஸ்ட்மாஸ்டரிடம் ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னேன், அழுகைத் தந்தியைப் பற்றிச் சண்டை போடப்போன அன்றைக்கு. சண்டையை அவர் காதிலேயே வாங்கவில்லை. நேற்றுக் காலை பெஞ்சில் சிட்டைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். "கோத்தகிரியில பசுந்தேயிலை இப்ப கிலோ என்ன விலைங்க சார்? ஒம்போது றாத்தல்னா நாலு கிலோ வருமா?"

நாலு கிலோ எண்பது கிராம் என்று கெமிஸ்ட்ரி வாத்தியார் திருத்தினார்.