வரவேற்பில் நாதஸ்வரத்துக்கு ஒரு மணி நேரம்

திருமண வரவேற்பில் என்ன இசை வைப்பது என்பதைப் பல வீடுகளில் இப்போது மணமக்களே முடிவு செய்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அவர்கள் முன் இருக்கும் பட்டியல் மிகச் சிறியது: மெல்லிசைக் குழு, டிஜே, வாசலில் செண்டை மேளம், வயலினிலோ புல்லாங்குழலிலோ சினிமாப் பாட்டு. நாதஸ்வரம் அதில் வருவதே இல்லை. மறுநாள் காலைக் கணக்கில், வாழைமரம், மாலை, புரோகிதர் ஆகிய செலவுகளுக்கு நடுவே ‘மேளம்’ என்று ஒரு வரியாக அது எழுதப்படுகிறது. வரவேற்பின் முதல் ஒரு மணி நேரம் நாதஸ்வரக் கச்சேரிக்கு உரியதாக வேண்டும் என்கிறோம். அந்தத் தேர்வை இருபத்தைந்து வயதில் ஒருவர் மனமுவந்து செய்ய வேண்டுமானால், எட்டு வயதிலேயே நாதஸ்வரக் கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அவர் கைக்குப் போயிருக்க வேண்டும் என்றும் சொல்கிறோம்.

கல்யாண வீட்டின் மாலைப்பொழுது கச்சேரிக்கே உரியதாக இருந்த காலம் வெகுதொலைவில் இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரக்காரர் நாற்சந்தியில் நின்று ராகத்தை விரித்தால் ஊர்வலமும் அங்கேயே நின்றது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசிக்கிறார் என்றால் அழைப்பு இல்லாதவர்களும் பந்தலுக்கு வெளியே தெருவில் உட்கார்ந்து தோடியைக் கேட்டார்கள். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்புதான் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து ஒலித்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி கணேசன் வாசிப்பதாக நாம் கேட்டது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். இந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நடிகரைத் தெரியும், வாசித்தவரைத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

இன்றைய மண்டபத்தைப் பாருங்கள். கலைஞர்கள் மணமேடையின் ஓரத்தில், வீடியோ விளக்குகளுக்கும் கம்பிகளுக்கும் இடையில் உட்காருகிறார்கள். ஒரு கீர்த்தனை அனுபல்லவியைத் தொடுவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு விரல் ஆடுகிறது, உடனே கெட்டிமேளம். தாலி ஏறியதும் கூட்டம் பந்திக்குக் கிளம்பிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள். மற்ற மாதங்களின் முகூர்த்த நாள்களில் கிடைப்பதைக் கொண்டு இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் என ஒரு செட்டில் உள்ள அத்தனை குடும்பங்களும் ஆண்டைக் கடத்த வேண்டும். பல கோயில்களில் மின்சாரத்தில் ஓடும் மேள இயந்திரம் வந்துவிட்டது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் கற்றுத்தரத்தான் செய்கிறார்கள். படித்துவிட்டு வரும் பிள்ளைகள் வாசிக்க மேடை எங்கே? செண்டை மேளம் கேரளத்தின் பெருங்கலை, அதன் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. அதை வரவழைக்கும் ஆர்வத்தில் பாதியாவது பக்கத்து ஊர்த் தவில்காரர்மேல் இருக்கக் கூடாதா என்பதே நம் ஆதங்கம்.

புத்தகத்துக்கு வருவோம். இசைக் கலைஞர்களின் வரலாறு என்று குழந்தைகளுக்கு நாம் பெரும்பாலும் கொடுப்பது பிறந்த ஊர், குருவின் பெயர், விருதுகளின் வரிசை. அதைப் படித்துவிட்டு எந்தக் குழந்தையும் கச்சேரி கேட்க ஆசைப்படாது. ஆனால் ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கையில் எவ்வளவு கதை இருக்கிறது! அன்று புழக்கத்தில் இருந்தது திமிரி நாதஸ்வரம்: நீளம் குறைவு, சுருதி மிக உயரம். அவர் மனம் தேடியதோ தாழ்ந்த சுருதியில் கனமாக இழையும் நாதம். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதற்கென்று ஆச்சா மரத்தைக் கடைந்து நீளமான பாரி நாதஸ்வரத்தை உருவாக்கிக் கொடுத்தார். இன்று மேடைகளில் நாம் கேட்பது அந்தப் பாரிதான். நன்றாக முதிர்ந்து உலர்ந்த ஆச்சா மரம் வேண்டும் என்பதற்காக, இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடி வாங்குகிறார்கள் அந்த ஊர்க் கைவினைஞர்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. யாரோ குடியிருந்த வீட்டைத் தாங்கிய மரம் வாத்தியமாகிறது என்று படம் வரைந்து சொன்னால் எந்தப் பிள்ளை கண்ணை எடுக்கும்?

கசப்பான பகுதியையும் மறைக்கக் கூடாது. ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்துக்கொண்டதும், மற்ற வித்வான்களுக்குச் சமமாக மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று நின்றதும் வெறும் நாகரிக மோகத்தால் அல்ல. நாதஸ்வரக்காரர் மேலாடையில்லாமல் வரவேண்டும் என்று எதிர்பார்த்த சமூகம் இது. செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்தபோது, அதை எடுக்கச் சொல்லிச் சிலர் அதட்டினார்கள். எடுக்க வேண்டாம் என்று குறுக்கே நின்றவர் சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி. பத்து வயதுப் பிள்ளைக்கு நியாயம் அநியாயம் நன்றாகப் புரியும். சாதி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு இந்த வரலாற்றை எழுதவே முடியாது.

ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்து வாசித்த ஷேக் சின்ன மௌலானா இருக்கிறார். ஆண்களே நிறைந்த துறையில் நாதஸ்வரத்தைக் கையில் எடுத்த மதுரை பொன்னுத்தாயி இருக்கிறார். யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து வந்து தமிழ்நாட்டு வித்வான்களை வியக்க வைத்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி இருக்கிறார். ஆளுக்கொரு புத்தகம் வேண்டும்.

இரண்டு மொழி எதற்கு? ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் நகரத்துப் பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறது. டொரொன்டோவிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைகளுக்கு அதுவும் கடினம். ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் பாட்டி தமிழை உரக்கப் படிக்க, பேத்தி ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு தொடரலாம். கியூபாவைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த பாடகி செலியா குரூஸ் 2003இல் மறைந்தார். மறு ஆண்டே மோனிக்கா பிரவுன் எழுத, ரஃபேல் லோபஸ் ஓவியம் தீட்ட, அவருடைய வாழ்க்கை ஸ்பானியமும் ஆங்கிலமுமாகக் குழந்தைப் புத்தகமாக வெளிவந்தது. ராஜரத்தினம் பிள்ளை மறைந்து எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

இதைச் செய்ய நமக்கு வசதி இல்லாமல் இல்லை. இருமொழிப் படப் புத்தகங்களைச் சென்னையில் தூலிகா பதிப்பகம் நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறது. பள்ளிக் கல்வித் துறைக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் வாசிப்பு இயக்கமும் இருக்கின்றன. பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடும் பழக்கமும் வந்துவிட்டது. கதை முடியும் பக்கத்தில் அப்படி ஒரு குறியீடு இருந்தால், இசைத்தட்டில் பதிவான தோடியைப் பிள்ளை அங்கேயே கேட்டுவிடும். கேட்காத இசையைப் பற்றிய புத்தகத்தால் பயன் குறைவு. துறை ஒரு தொடரை அறிவித்து, நல்ல எழுத்தாளர்களிடமும் ஓவியர்களிடமும் ஒப்படைத்து, அரசுப் பள்ளி நூலகங்கள் அனைத்துக்கும் அனுப்ப வேண்டும்.

இளைஞர்களுக்கு ஆட வேண்டும், நாதஸ்வரத்துக்கு யார் ஆடுவார்கள் என்று கேட்பார்கள். தாராளமாக ஆடட்டும், எட்டு மணிக்குமேல் டிஜே வரட்டும். சினிமாப் பாட்டே வேண்டும் என்றால் கடைசியில் இரண்டு வாசிக்கச் சொல்லலாம், காருகுறிச்சியார் வாசிக்காத சினிமாவா? நாம் கேட்பது ஆறரை முதல் ஏழரை வரை. பூர்விகல்யாணியும் சண்முகப்ரியாவும் பொருந்தும் நேரம் அது. தவிலுக்குத் தனி வாசிக்க இடம் விட வேண்டும். நாதஸ்வரம் திறந்தவெளிக்குப் பிறந்த வாத்தியம். மூடிய ஏசி மண்டபத்தில் மைக்கைக் கொண்டுபோய் அதன் விரிந்த அடிப்பகுதியான அணசின் வாயில் வைத்தால் காதைத்தான் கிழிக்கும். மைக்கே வேண்டாம். முன்வாசலில் அல்லது தோட்டத்தில் ஒரு மேடையும், எதிரே கொஞ்சம் நாற்காலிகளும் போதும்.

முன்பெல்லாம் கல்யாணப் பத்திரிகையிலேயே யார் கச்சேரி, யார் தவில் என்று பெயர் அச்சாகும். அந்த வழக்கத்தை மறுபடி கொண்டுவர வேண்டும். பேசிய தொகையை அன்றிரவே கையில் கொடுக்க வேண்டும். கச்சேரி முடிந்ததும் கலைஞர்களைச் சம்பந்திகள் உட்காரும் அதே பந்தியில் உட்காரவைத்து இலை போட வேண்டும்.