பளபளப்பைக் கண்டு மயங்கலாமா?

மட்டாஞ்சேரியில் நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தோர் அறிவர். உள்ளிருந்து வீசுவது காற்றன்று, கனல்! டேஷ்போர்டின் மேற்புறம் 70 டிகிரியைத் தாண்டுவதுண்டு. போதாக்குறைக்குக் காயலின் ஈரம். எனினும் கார் வாங்குவோர் பார்ப்பது என்ன? நிறமும் பளபளப்புமே!

பி.வி.சி.யின் மென்மை, அதனோடு கலந்த எண்ணெய் போன்ற மென்மையூட்டியின் தயவு. வெப்பத்தில் அது மெல்ல வெளியேறிக் கண்ணாடியில் மங்கலாய்ப் படியும். டேஷ்போர்டோ விறைத்து வெடிக்கும். ஏ.பி.எஸ். உறுதியும் அழகும் உடையது. நாட்பட வெயில் பட்டால் மஞ்சள் பூத்து வலிமை குன்றும். பாலிபுரோப்பிலீனோ நீரினும் இலேசானது, ஈரத்துக்கு அஞ்சாதது, 160 டிகிரியை ஒட்டியே உருகுவது. டால்க் தூள் அதற்கு விறைப்பைத் தரும். வெயில்காப்புச் சேர்க்கை ஆயுளைத் தரும். அச்சேர்க்கையில் காசு மிச்சம் பிடிப்பதே பெரும்பிழை!

களமசேரியில் பாலிமர் பயிலும் தமிழ்த் தோழர்களே! நாளை ஒரகடத்திலோ திருப்பெரும்புதூரிலோ இந்தத் தேர்வு உங்கள் மேசைக்கு வரும். ஒரு கையில் விலைப்பட்டியல் இருக்கட்டும். மறு கையில் வெப்பமானி இருக்கட்டும். குளிர்நாட்டுக்கு வகுத்த அளவு நம் வெயிலுக்குப் போதுமா? சோதித்துத் தேருங்கள்! வாங்கியவன் தவணை கட்டி முடிக்குமுன் வெடிக்கும் பலகையை அவன் தலையில் கட்டுவது அறமாகுமா?