படுக்கை மருந்தல்ல, நடையும் சிகிச்சைதான்



புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் முதல் வேலை என்ன? முன் கூடத்தில் கட்டிலைப் போடுவதுதான். ஆபரேஷன் முடிந்து, கீமோ மருந்தும் ஏற்றி முடித்த பிறகும், "நீங்க எந்திரிக்காதீங்க மாமா, நாங்க பாத்துக்கிறோம்" என்போம். குடிக்கத் தண்ணீரைக்கூடக் கட்டிலுக்கே கொண்டு போய்க் கொடுப்போம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் இந்த அன்பு நோயாளிக்கு நன்மை செய்வதில்லை.

படுத்தே கிடந்தால் கைகால் சதை கரையும். மலம் இறுகும், ராத்திரி தூக்கம் வராது, காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு. கீமோவினால் வரும் அசதி படுத்துக் கிடப்பதால் தீருவதில்லை. கொஞ்சம் நடந்தால்தான் குறைகிறது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் 2009 முதல் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் கையேடு மட்டும் கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஆள் வைத்து மூன்று வருடம் வேகநடை போன்ற பயிற்சி கொடுத்தார்கள். 2025ல் முடிவு வந்தது. எட்டு வருடக் கணக்கில், பயிற்சி பெற்றவர்களில் 100க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். கையேடு மட்டும் பெற்றவர்களில் 83 பேர். ஏழு உயிர் சின்னக் கணக்கா? மலேசியாவில் ஆண்களுக்கு அதிகம் வருவதும் இந்தப் புற்றுநோய்தான்.

நோய் எதிர்ப்புச் சக்திக்கும் நடைக்கும் தொடர்புண்டு. வேகமாக நடந்தால் ரத்தத்தில் அட்ரினலின் கூடும். ஒதுங்கி நிற்கும் வெள்ளை அணுக்கள் உடனே ரத்த ஓட்டத்தில் இறங்கும், பெரட்டு மணி அடித்ததும் லயத்திலிருந்து ஆட்கள் வெளியே வருவதுபோல. 2016ல் வெளியான ஓர் ஆய்வில், சக்கரத்தில் ஓடிய எலிகளுக்குக் கட்டி வளர்வது பாதிக்குமேல் குறைந்தது. ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. அதே அளவு பலன் நமக்கும் என்று சொல்லிவிட முடியாது.

"நாங்கதான் தெனமும் பழம் வெட்டுறோமே, பயிற்சி எதுக்கு?" என்று கேட்பீர்கள். செம்பனைக் குலை தூக்குவது பாரவேலை. அதில் ஓய்வு நம் கையில் இல்லை. ஆபரேஷன் காயம் சரியாக ஆறாதவர் அதைச் செய்தால் குடல் இறங்கிவிடும். இவர்களுக்கு வேண்டியது அளவான நடை. முதலில் பக்கத்து லயம் வரை ஐந்து நிமிடம், பிறகு கோயில் வரை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். மெல்ல மெல்ல வாரம் 150 நிமிடத்துக்கு வாருங்கள்.

நடக்கிறோம் என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியவர்களும் ரத்த அணுக்கள் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

கிளைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிகிச்சை முடித்துத் திரும்பும் தொழிலாளியை முதல் நாளே பாரவேலைக்கு விடாதீர்கள். நிர்வாகத்திடம் பேசி இலேசான வேலை வாங்கிக் கொடுங்கள். வீட்டாருக்கும் சொல்கிறேன்: தண்ணீரைக் கொண்டு போய்க் கொடுப்பதை நிறுத்துங்கள். அவர் எழுந்து வரட்டும், நீங்கள் கூடவே நடங்கள்.