எந்த பஸ்? புகையே சொல்லும்!

"எல்லாம் பஸ்தானே, இதிலே என்ன வகை பார்க்கக் கிடக்கு?" என்று கேட்கிற சகோதரிகள் ஒரு நாள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். திருநெல்வேலிக்கு ஒன்று, ராஜபாளையத்துக்கு ஒன்று, கழுகுமலை வழியாகக் கோவில்பட்டிக்கு ஒன்று என்று வந்து நிற்கும். ஆடித்தபசு சமயமானால் கேட்கவே வேண்டாம். ஒன்று கிளம்பும்போது கரும்புகை குபீரென்று கிளம்பும். அடுத்தது கிளம்பினதே தெரியாது. இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற நமக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமா?

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மாவட்ட எண்ணுக்குப் பிறகு வருகிற எழுத்து 'என்' என்று தொடங்கினால் அது அரசுப் போக்குவரத்துக் கழகத்து வண்டி. (கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று 1974-ல் தொடங்கியதை நம் பெரியவர்கள் இன்னும் 'கட்டபொம்மன் பஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 1997-ல் தலைவர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டது.) மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருந்தால் சாதாரண வாடகை வண்டி, உள்ளே டீசல் என்ஜின்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் மின்சார பஸ். நம் ஊரில் கண்ணில் படுவது மஞ்சள்தான்.

டீசல் வண்டியிலும் பழசு, புதுசு உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கிற புது வண்டிகளுக்கு 'பாரத் ஸ்டேஜ் 6' என்ற கட்டுப்பாடு வந்தது. அந்த வண்டிகளில் கரித்துகளைப் பிடித்து வைக்கிற வடிகட்டி இருக்கிறது. யூரியாக் கரைசல் ஊற்ற ஒரு தனித் தொட்டியும் இருக்கிறது. இந்தக் கரைசல் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். டீசல் டாங்க் பக்கத்தில் நீல மூடியோடு இன்னொரு சின்ன வாய் தெரிந்தால் அது புதிய வண்டி. நீல மூடி எங்கே என்று கேட்டால் நம் வீட்டு வாண்டுகள் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்!

மூடியைத் தேட நேரமில்லையா? புகையின் நிறத்தைப் பாருங்கள். விறகடுப்பில் காற்று போகாமல் விறகை அடைத்தால் என்ன ஆகும்? கண்ணெரிச்சலும் கரியும்தானே! கரும்புகையும் அப்படித்தான். டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இப்படி வரும். நீலம் கலந்த புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. விடியற்காலை முதல் வண்டி கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டால் என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று அர்த்தம். வண்டி நன்றாக ஓடி வந்த பிறகும் வெள்ளையாகவே வந்தால் பழுதுதான்.

இதை ஏன் இத்தனை விவரமாக எழுதுகிறேன் என்றால், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கோ உடனடித் தொல்லை. கைப்பிடித்து நடக்கிற பிள்ளையின் முகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய சைலன்சர் உயரம்! நாம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தப்பித்தோம் என்று நினைக்கிறோம். நுண்ணிய கரித்துகளுக்கு முந்தானையெல்லாம் தடையே இல்லை. "ஏட்டி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வா" என்று கூப்பிடுகிற பாட்டிமார்தான் சரியான வைத்தியம் சொல்கிறார்கள். நிற்கிற வண்டியின் பின்புறத்தை விட்டு விலகி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள்.

அப்புறம் இந்த ஹைபிரிட் பஸ். நம் ஊரில் தேடினால் கிடைக்காது. 2018-ல் மும்பையில் பாந்த்ரா குர்லா பகுதிக்காக 25 வண்டிகளை விட்டார்கள். டீசல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி அது. பிரேக் போடும்போது அந்த மோட்டாரே சைக்கிள் டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாக்கி பேட்டரியில் சேர்க்கும்; கிளம்பும்போது அந்த மின்சாரம் கைகொடுக்கும். டீசல் பஸ் அதிகம் புகைவது கிளம்புகிற அந்த நேரத்தில்தான். ஆகவே நின்று நின்று போகிற வண்டிக்குத்தான் இதனால் லாபம். நெடுந்தூரம் ஓடுகிற ரூட் பஸ்ஸுக்கு அவ்வளவு இல்லை.

நின்று நின்று போவது எது? டவுன் பஸ்! 2021 மே 8 முதல் நாம் டிக்கெட் இல்லாமல் ஏறத் தொடங்கினோமே, அதே சாதாரணக் கட்டண டவுன் பஸ்தான். பூக்கூடையோடு மார்க்கெட்டுக்கு வருகிறவர்களும் ஆஸ்பத்திரிக்கு வருகிற கர்ப்பிணிகளும் ஏறுகிற வண்டி. புது வண்டி வாங்கும்போது முதலில் அதைத்தானே மாற்ற வேண்டும்? என் கட்சி இதுதான். சென்னைக்கு 2025 ஜூன் 30 அன்று 120 மின்சார பஸ்கள் வந்தன. படி தாழ்ந்த வண்டிகள். சேலை தடுக்காமல் ஏறலாம். சங்கரன்கோவில் டவுன் பஸ்ஸுக்கும் அந்த யோகம் வரட்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை பிளேட் வண்டி நிற்கும்போது சத்தமே கேட்காது. நாம் என்ஜின் உறுமலைக் காதில் வாங்கியே ரோட்டைக் கடந்து பழகியவர்கள். அங்கே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்த பிறகே இறங்குங்கள்.