நெய்தவர் பெயர்

கடலூரிலும் சிதம்பரத்திலும் சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடுங்கால் நாம் காண்பவை தறி எண், நூலின் எடை, கூலித் தொகை ஆகியவையே. நெய்தவரின் திறமையைக் குறிக்க ஏட்டில் ஒரு பத்தியும் இல்லை.

1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், பட்டுச் சேலையுடன் நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையை இணைத்து விற்றது. வாங்கியோர் தமக்காக உழைத்தவரின் முகத்தை அறிந்தனர். 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாளாகவும் கொண்டாடப்பட்டு வருகிறது. இவை போற்றத்தக்கன. எனினும், பட்டுக்குக் கிட்டிய பெருமை குறிஞ்சிப்பாடிக் கைலிக்கும் கிட்ட வேண்டாமா? தார் சுற்றித் தரும் பெண்களின் பெயரை எவர் அறிவார்?

சங்க நிர்வாகிகளுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவை வாசிக்குமுன், பழுதின்றி நெய்தோர், தார் சுற்றியோர், சங்கச் சிற்றூழியர் ஆகியோரின் பெயர்களை வாசியுங்கள். அவர் செய்த வேலை இன்னதென்றும் கூறுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

ஆயினும் ஒன்று. கூலியை நிலுவையில் நிறுத்திவிட்டுப் பொன்னாடை போர்த்துதல் பாராட்டாகாது, பரிகாசமாகும். கூலி உரிய நாளில் கைக்கு வரட்டும். அதன்பின் ஒலிக்கும் பெயரே நெஞ்சில் நிற்கும்.